குழாயில் வெள்ளைக் கறையா? ஆசிட் ஊற்றாதீர்கள்!

"எவ்வளவு சோப்பு தேய்ச்சாலும் நுரையே வர மாட்டேங்குதே!"

சென்னையில் போர் தண்ணீரை நம்பி இருக்கும் வீடுகளில் தினமும் காலையில் கேட்கும் குரல் இது. வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் போனால் சொல்லவே வேண்டாம்.

குழாய் வாயில் வெள்ளைக் கறை. பக்கெட்டில் வெள்ளை வளையம். துவைத்த துணி விறைத்து நிற்கிறது. குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் பருப்பு மசிவதில்லை.

"எல்லாம் உப்புத் தண்ணி" என்று சலித்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்தக் கறைக்குக் காரணம் சாப்பாட்டு உப்பு அல்ல. சுண்ணாம்பு!

எப்படி வந்தது?

மழைத் தண்ணீர் பூமிக்குள் இறங்கும்போது மண்ணிலும் பாறையிலும் உள்ள கால்சியம், மக்னீசியம் சத்துகளைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. அதுதான் கடின நீர். வாயில் வைத்தால் உப்புக் கரிக்காத தண்ணீர்கூட கடின நீராக இருக்கலாம்.

தண்ணீரைச் சுட வைத்ததும் கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து படிகிறது. அதனால்தான் ஹீட்டருக்கு முதல் அடி! ராடின் மேல் சுண்ணாம்பு சட்டை போட்டதுபோல் மூடிக்கொள்ளும். சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தங்கும். கரண்டு பில் ஏறும். கடைசியில் காயில் புகைந்துவிடும்.

குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 600 வரை அனுமதி.

வீட்டிலேயே சோதனை

ஒரு பாட்டிலில் பாதி போர் தண்ணீர், இன்னொன்றில் பாதி கேன் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை வராமல் தயிர் திரிந்தாற்போல் நின்றால் அது கடின நீர்.

இப்படிச் செய்யலாமா?

கறையைப் போக்க பலர் கடையில் ஆசிட் வாங்கி ஊற்றுகிறார்கள். இது விபரீதம்! ஏற்கெனவே பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் பட்டால் குளோரின் விஷவாயு கிளம்பும். பூட்டிய பாத்ரூமில் மூச்சு திணறும். உயிருக்கே ஆபத்து. மொசைக், மார்பிள் தரையும் அரித்துப் போகும்.

வினிகர் போதும். துணியை அதில் நனைத்துக் குழாயில் அரை மணி நேரம் சுற்றி வைத்துத் தேய்த்தால் கறை கரையும். ஹீட்டர் ராடுக்கு எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீர். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ராடு ஆறிய பிறகு காயில் பகுதியை மட்டும் முக்கி வையுங்கள். கீசரை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். வினிகரைக்கூட பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கக்கூடாது.

பருப்பு வேகவில்லையா? தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மேலாகத் தெளிந்ததை எடுத்துப் பாருங்கள். சுண்ணாம்பு ஓரளவு அடியில் தங்கிவிடும். சில வகை கடின நீர் கொதித்தாலும் மாறாது. அதற்கு சாஃப்ட்னர் மிஷின்தான் வழி. கடையில் பேரம் பேசும் முன் தண்ணீரை லேபில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். கையில் பிடிக்கும் டி.டி.எஸ். மீட்டர் கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது.

மாடியில் இருக்கிறது மருந்து!

மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் வீட்டுத் தொட்டி மண் அடைத்துக் கிடக்கிறதா? ஐப்பசி மழைக்கு முன் தூர் எடுத்துவிடுங்கள். மாடித் தண்ணீர் பூமிக்குள் இறங்க இறங்க, போர் தண்ணீரின் கடுமையும் குறையும்.

ஹீட்டர் காயிலுக்கு அழும் காசில் தொட்டியைச் சுத்தம் செய்துவிடலாமே!