கணினியும் முறைவழியாக்கி மாற்றமும்

கண்டி மாநகருக்குக் கிழக்கே மகாவலி கங்கையைக் கடந்து செல்வோர் தும்பறைப் பள்ளத்தாக்கை அடைவர். இன்று கைத்தொழிற் பேட்டையும் துடுப்பாட்ட அரங்கும் விளங்கும் பல்லேகல இப்பள்ளத்தாக்கிலேயே அமைந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்பள்ளத்தாக்கிலும் இதனைச் சூழ்ந்த மலைச்சாரல்களிலும் கோப்பியே தலையாய பயிராய் இருந்தது. 1869ஆம் ஆண்டில் இலங்கைக் கோப்பிச் செடிகளிலே இலைநோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிர் பெரும்பாலும் அழிந்தொழிந்தது. தோட்டங்கள் இருந்தன, வீதிகள் இருந்தன, 1867இல் கண்டிவரை வந்த புகையிரதப் பாதையும் இருந்தது. பயிரொன்றே மாற வேண்டியதாயிற்று. உயர்ந்த மலைகளில் தேயிலையும் தும்பறையில் கொக்கோவும் அதன் இடத்தைப் பெற்றன. ஆயினும், பயிர் மாறியபோது அதனோடு பண்டசாலை, பொறி, தொழில் முறை, தொழிலாளர் வாழ்க்கை என்பனவும் மாறின. ஓர் அமைப்பின் நடுவே உள்ள ஒரு பொருளை மாற்றுதல் அப்பொருளோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று இந்நாட்டு வரலாற்றில் அரிது.

கணினி ஆக்கும் துறையிலும் இத்தகைய மாற்றங்கள் பலமுறை நிகழ்ந்துள்ளன. கணினியின் நடுவுறுப்பாகிய முறைவழியாக்கியைப் பெரும்பாலான ஆக்குநர் தாமே செய்வதில்லை. பிறரிடம் பெற்றுப் பொருத்துவர். அவ்வாறு வழங்குவோரை ஓர் ஆக்குநர் கைவிட்டு வேறொருவரை நாடுவது ஏன், அதனால் விளைவன யாவை என்பன ஆராயத்தக்கன.

முறைவழியாக்கியின் மொழி

முறைவழியாக்கி என்பது கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்று நிறைவேற்றும் நுண்ணிய மின்சுற்றுத் தொகுதி. கூட்டுக, ஒப்பிடுக, நினைவகத்திலிருந்து எடுக்க, அங்கே வைக்க என்பன போன்ற எளிய கட்டளைகளையே அஃது அறியும். அக்கட்டளைகள் எண்களாகவே குறிக்கப்படும். எந்த எண் எந்தச் செயலைக் குறிக்கும் என்னும் ஏற்பாடே அம்முறைவழியாக்கியின் கட்டளைத் தொகுதி. இதனை அதன் தாய்மொழி எனலாம்.

மனிதர் எழுதும் செய்நிரல்கள் சீ, போட்ரான் போன்ற உயர்நிலை மொழிகளில் அமைந்து, தொகுப்பி என்னும் வேறொரு செய்நிரலால் இத்தாய்மொழிக்குப் பெயர்க்கப்படுகின்றன. ஒரு மொழிக்குப் பெயர்க்கப்பட்ட செய்நிரல் மற்றொரு மொழியை அறிந்த முறைவழியாக்கிக்கு வெறும் எண்குவியலே.

எண்களை வைக்கும் ஒழுங்கும் வேறுபடுவதுண்டு. 1948 என்னும் எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து வைப்பதாகக் கொள்க. ஒரு பொறி 19, 48 என்னும் வரிசையில் வைக்கும். மற்றொன்று 48, 19 என வைக்கும். தத்தம் முறையில் வாசிக்கும்வரை இரண்டும் சரியே. முதற் பொறி எழுதியதை இரண்டாவது தன் முறைப்படி வாசித்தால் 4819 என்னும் பிழையான எண்ணே கிடைக்கும். இத்தகைய பிழைகள் கண்ணுக்குத் தோன்றாமல் மறைந்து கிடந்து பின்னரே வெளிப்படுவன.

ஆகவே, வழங்குவோரை மாற்றுதல் இருவகைப்படும். வழங்குவோர் மாறினும் மொழி மாறாதிருத்தல் ஒன்று. வழங்குவோரோடு மொழியும் மாறுதல் மற்றொன்று.

முதல்வகைக்கு ஐ.பி.எம். கொம்பனி 1981இல் வெளியிட்ட தனியாட் கணினி வழிகோலியது. அதன் முறைவழியாக்கி இன்டெல் கொம்பனியினுடையது. ஒருவரையே நம்பியிருத்தல் ஆகாது எனக் கருதிய ஐ.பி.எம்., அதே உறுப்பை ஆக்கவல்ல இரண்டாமவர் ஒருவரும் வேண்டும் என்றது. அதன் பயனாக 1982இல் இன்டெலுக்கும் ஏ.எம்.டி. கொம்பனிக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. நெடுங்காலம் இன்டெலையே நம்பியிருந்த டெல் கொம்பனி 2006இல் ஏ.எம்.டி. முறைவழியாக்கிகளையும் ஏற்றபோது, கணினியை வாங்கியோர் தம் செய்நிரல்களை மாற்ற வேண்டி நேரவில்லை. இருவரும் ஒரே மொழி பேசினமையே அதற்குக் காரணம்.

புனே நகரின் பரம் கணினிகள்

இரண்டாம் வகைக்கு இந்தியாவிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. 1980களில் இந்தியா அதிவேகக் கணினி வாங்க அமெரிக்காவை நாடியது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கென வேண்டிய ஆற்றல்மிக்க கிரே கணினியைத் தர அமெரிக்க அரசு இசையவில்லை. வானிலை முன்னறிவிப்புக்கென ஒரு கிரே கணினியை மாத்திரம், கடும் நிபந்தனைகளுடன், டில்லிக்கு வழங்கிற்று. இந்நிலையிலே, 1988இல் உயர்நிலைக் கணிப்பு வளர்ச்சி மையமாகிய சீ-டாக் புனே நகரில் நிறுவப்பட்டது. விஜய் பட்கர் அதனை வழிநடத்தினார்.

தனித்த மாபெரும் முறைவழியாக்கியைச் செய்தல் அன்றைய நிலையில் இயலாதது. எனவே, சிறியன பலவற்றை இணைத்து ஒரே கணக்கைப் பகிர்ந்து செய்விக்கும் சமாந்தரக் கணிப்பு முறை தெரிந்தெடுக்கப்பட்டது. இதற்கு ஏற்ற உறுப்பு பிரித்தானியாவில் இருந்தது. பிரிஸ்டல் நகரைச் சார்ந்த இன்மொஸ் கொம்பனி ஆக்கிய டிரான்ஸ்பியூட்டர் என்னும் முறைவழியாக்கி, அயலிலுள்ள நான்கு முறைவழியாக்கிகளோடு நேரே பேசுவதற்கான நான்கு இணைப்புகளைத் தன்னகத்தே கொண்டிருந்தது. ஒக்கம் என்னும் மொழியும் அதற்கென்றே வகுக்கப்பட்டிருந்தது. இவ்வுறுப்புகளைக் கொண்டு 1991இல் பரம் 8000 வெளிவந்தது. வடமொழியில் ‘பரம்’ என்பது மேலானது எனப் பொருள்படும்.

ஆனால், அடித்தளமாய் அமைந்த டிரான்ஸ்பியூட்டர் நெடுநாள் நிலைக்கவில்லை. இன்மொஸ் கொம்பனி 1984இல் ஒரு கைக்கும் 1989இல் மற்றொரு கைக்கும் மாறியது. அடுத்த தலைமுறைக்கென அறிவிக்கப்பட்ட டி9000 குறித்த காலத்தில் வரவில்லை. வந்தபோதும் எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. இதற்கிடையே ஏனையோரின் முறைவழியாக்கிகள் ஆண்டுதோறும் வேகம் பெற்றன. வழங்குவோர் தளர்ந்தால் ஆக்குவோரும் தளர்வர் என்பது வெளிப்படை.

புனே மையம் படிப்படியாக விலகிச் சென்றமை கவனிக்கத்தக்கது. பரம் 8600இல் இன்டெலின் ஐ860 கணிப்பை மேற்கொள்ள, செய்தி கடத்தும் பணி டிரான்ஸ்பியூட்டருக்கு விடப்பட்டது. 1994இல் வந்த பரம் 9000இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வகுத்த சூப்பர்ஸ்பார்க் இடம்பெற்றது. அவ்வமைப்பு வேறு முறைவழியாக்கிகளையும் ஏற்கவல்லதாய் இருந்தது. 1998இல் வந்த பரம் 10000 அல்ட்ராஸ்பார்க் உறுப்புகளைக் கொண்டு செக்கனுக்கு 10,000 கோடி கணிப்புகள் என்னும் உச்ச வேகத்தை எய்தியது. பின்னர் பரம் பத்மா ஐ.பி.எம். கொம்பனியின் பவர்4 உறுப்புகளால் அமைந்து, செக்கனுக்கு ஒரு இலட்சம் கோடி கணிப்புகள் என்னும் எல்லையைத் தொட்டு, 2003 யூன் மாத உலக அதிவேகக் கணினிப் பட்டியலில் 171ஆம் இடம்பெற்றது. 2008இல் பரம் யுவா இன்டெலின் சியோன் உறுப்புகளுக்கு மாறியது. இருபது ஆண்டுகளுக்குள் வழங்குவோர் பலர் மாறினர். பரம் என்னும் பெயரும் அதன் நோக்கமும் மாறவில்லை.

இஃது எவ்வாறு இயன்றது? தனியொரு முறைவழியாக்கியின் இயல்பில் தங்கியிருந்த வேலை படிப்படியாக அதனின்று பிரிக்கப்பட்டது. முறைவழியாக்கிகள் தம்முள் செய்தி பரிமாறுவதற்கு எம்.பி.ஐ. எனப்படும் பொதுநியமம் 1994இல் வெளிவந்தது. சீ அல்லது போட்ரான் மொழியில், அந்நியமத்தைத் தழுவி எழுதப்பட்ட செய்நிரலைப் புதிய பொறியிலே மீளத் தொகுத்து ஓட்டலாம். ஒக்கம் மொழியில், டிரான்ஸ்பியூட்டரின் நான்கு இணைப்புகளை நம்பி எழுதப்பட்டதையோ மீள எழுதவேண்டும். உழைப்பு எவ்விடத்தில் முதலீடு செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தே மாற்றத்தின் விலை அமைந்தது.

ஆப்பிள் கொம்பனியின் மூன்று மாற்றங்கள்

ஆய்வுக்கூடங்களிலே பயன்படும் சில கணினிகளை மாற்றுவதைவிட, பொதுமக்கள் கையிலுள்ள பல இலட்சம் கணினிகளின் வழியை மாற்றுவது அரிது. ஆப்பிள் கொம்பனி அதனை மூன்று முறை செய்தது. 1984இல் மொட்டொரோலாவின் 68000 உறுப்போடு வந்த மக்கின்டொஷ் கணினி, 1994இல் பவர்பிசி உறுப்புக்கு மாறியது. 2005 யூன் மாதத்தில் இன்டெலுக்கு மாறப்போவதாக ஸ்டீவ் ஜொப்ஸ் அறிவித்தார். அடுத்த ஆண்டே அம்மாற்றம் நிறைவுற்றது. 2020இல் ஆம் கட்டளைத் தொகுதியைத் தழுவி ஆப்பிள் தானே வகுத்து, தாய்வானில் ஆக்குவித்த எம்1 உறுப்பு வந்தது.

இரண்டாம் மாற்றத்திற்குக் காட்டப்பட்ட காரணம் வெறும் வேகமன்று. செலவாகும் மின்வலு ஒன்றுக்குக் கிடைக்கும் வேகம். பவர்பிசி ஜி5 மேசைக் கணினிக்குப் பொருந்தினும் மிகுந்த வெப்பத்தை வெளியிட்டமையால் மடிக்கணினிக்குள் அடங்கவில்லை. வாங்குவோர் மடிக்கணினியை நாடிய காலத்தில் இஃது பெருங்குறையாயிற்று.

பழைய செய்நிரல்களைக் கைவிடாதிருக்க ஆப்பிள் கையாண்ட உபாயம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரை நினைவூட்டுவது. சாட்சி ஒரு மொழியில் கூறுவதை அவர் உடனுக்குடன் மற்றொரு மொழியில் நீதிபதிக்கு உரைப்பது போல, ரொசெட்டா என்னும் செய்நிரல் பவர்பிசி கட்டளைகளை இன்டெல் மொழியில் உரைத்தது. மொழிபெயர்ப்பினால் வேகம் குன்றினும் வேலை நடந்தது. ஆயினும் அவ்வுதவி என்றென்றைக்கும் உரியதன்று. 2011இல் வந்த இயங்குதளத்தில் ரொசெட்டா நீக்கப்பட்டது. அதுவரை புதுப்பிக்கப்படாத செய்நிரல்கள் புதிய இயங்குதளத்தில் பேச்சற்றுப் போயின.

மொழியைப் பொதுவாக்குதல்

மேற்கூறிய வரலாறுகளில் ஓர் உண்மை புலனாகும். உறுப்பை வழங்குவோரும் அதன் மொழிக்கு உரிமையுடையோரும் ஒருவரேயாயின், ஆக்குநர் அவர் கையில் கட்டுண்டவராவர். மொழி பொதுவுடைமையாயின் வழங்குவோரை மாற்றுதல் எளிதாகும். 2010இல் அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரிஸ்க்-ஐந்து என்னும் கட்டளைத் தொகுதி இக்கருத்தைத் தழுவியது. அதனை எவரும் உரிமைப்பணமின்றிக் கையாளலாம். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் அதனை அடிப்படையாகக் கொண்டு ‘சக்தி’ முறைவழியாக்கிகளை வகுத்துள்ளனர். சீ-டாக் அமைப்பைச் சார்ந்தோர் ஆக்கிய ‘வேகா’ முறைவழியாக்கிகளும் அம்மொழியே பேசுவன. கிரே கணினி மறுக்கப்பட்ட நாட்டிலே இம்முயற்சிகள் எழுந்தமை இயல்பே. எனினும், மொழி சொந்தமாயினும் சில்லை வார்க்கும் ஆலை பிறர்கையில் இருக்குமாயின் சார்புநிலை முற்றாக நீங்குவதில்லை என்பதும் மறக்கற்பாலதன்று.

முடிவுரை

கோப்பி அழிந்து தேயிலை வந்தபோது வீதியும் புகையிரதப் பாதையும் பயன் குன்றாது நின்றன; அவை எந்தப் பயிருக்கும் பொதுவானவை. கோப்பிக்கென்றே அமைந்தவை கழிந்தன. செய்நிரல்களிலும் பொதுநியமத்தைத் தழுவியவை நிலைபெற்றன. ஓர் உறுப்பின் தனியியல்பைத் தழுவியவை அவ்வுறுப்போடு மறைந்தன. செய்நிரல் எழுதப் பயிலும் மாணவர் உள்ளத்திற் பதிக்கவேண்டிய பாடம் இதுவே.

மற்றொன்றும் உண்டு. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருட் பெரும்பாலோர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்புவர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆகவே அவர்கள் இம்மலைகளிலேயே லயங்களில் தங்கலாயினர். பயிரை மாற்றத் தீர்மானித்தவர் வேறு. அதனால் வாழ்க்கை மாறியவர் வேறு. கணினித் துறையிலும் உறுப்பை மாற்றுவோர் ஓர் அறையிலே கூடித் தீர்மானிப்பர். தம் செய்நிரலை மீள எழுதும் ஆய்வாளரும், பழைய கோப்புகளைத் திறக்கவியலாது திகைக்கும் பயனாளரும் அவ்வறையில் இருப்பதில்லை. மாற்றம் தவிர்க்கவொண்ணாதது. அதன் பாரத்தைச் சுமப்போரை முன்னரே எண்ணிப் போதிய காலமும் துணையும் அளித்து நிகழ்த்தும் மாற்றமே அறிவுடையோர் செயலாகும்.