இலை வேஷம் போடும் குள்ள வெட்டுக்கிளி
சாயலை நம்பிச் சொந்தம் கொண்டாட முடியாது

குடிபாலா, சித்தூர் வட்டாரத்தில் வரப்பிலும் கிணற்று மேட்டிலும் வெட்டுக்கிளியைப் பார்க்காதவர் கிடையாது. ஆனால் விரல் நகம் அளவே உள்ள குள்ள வெட்டுக்கிளியைக் கவனித்தவர்கள் குறைவு. ஈர மண்ணிலும் ஓடைக் கரையிலும் பாசியைத் தின்று வாழும் பூச்சி அது. உலகில் சுமார் 2 ஆயிரம் இனங்கள் உண்டு.

இதை அடையாளம் காண்பது சுலபம். மற்ற வெட்டுக்கிளிகளுக்குத் தலைக்குப் பின்னால் உள்ள கவசம் சேணம் போலச் சிறியதாக நின்றுவிடும். குள்ள வெட்டுக்கிளிக்கு அது பின்பக்கம் நீண்டு முதுகையே மூடிக்கொள்ளும்.

முதுகில் ஓர் இலை

கியூபா, ஜமைக்கா, மடகாஸ்கர், பிலிப்பைன்ஸ் போன்ற வெப்பத் தீவுகளில் சில இனங்களுக்கு இந்தக் கவசம் செங்குத்தாக எழும்பி, காய்ந்த இலை போலவே இருக்கும். சருகுக்குள் உட்கார்ந்துவிட்டால் எதிரியின் கண்ணுக்கு எளிதில் தப்பிவிடும். கியூபாவின் இலை வெட்டுக்கிளி ஒன்றுக்கு 1838-லேயே பெயர் வைத்தார்கள்.

1887-ல் ஸ்பெயின் நாட்டு நிபுணர் இக்னாசியோ பொலிவார் இந்தக் குடும்பத்தைப் பிரிவு பிரிவாக வகுத்தார். அகன்ற முகம் உள்ளவை ஒரு பிரிவாயின. இலை முதுகுக்காரர்கள் பலர் அதில்தான் அடங்கினார்கள். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் வெட்டுக்கிளிச் சேகரிப்பைப் பற்றி 1897 முதல் 1902 வரை பிரெஞ்சு மொழியில் தொடராக எழுதியவரும் இவரே.

ஒரே சட்டை, வேறு வீடு

காக்கிச் சட்டை போட்டவர்கள் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிட மாட்டார்கள். இலை வேஷமும் அப்படித்தான். சருகு நிறைந்த காட்டில் பிழைப்பதற்காக, உறவில்லாத பூச்சிகள் தனித்தனியாக அதே உருவத்தை அடைந்திருக்கின்றன என்று இன்றைய விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். ஒரே இனத்துக்குள்ளும் இலையின் உயரமும் இறக்கையின் நீளமும் மாறுபடலாம். ஒன்றிரண்டு உலர்ந்த பூச்சிகளை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தால், ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் வந்துவிடும். எனவே முகத்து மேடு கிளை பிரியும் இடம், உணர்கொம்பு முளைக்கும் இடம், தொடையின் அமைப்பு என்று நுணுக்கமாகப் பார்க்கிறார்கள்.

2020-ல் இந்தியா, இலங்கையின் அகன்ற முக இனங்களைப் பட்டியலிட்டவர்கள் புதிய இனம் ஒன்றுக்குத் 'திரிசூலா' என்று பெயரிட்டனர். 2022-ல் மடகாஸ்கரின் சருகு வெட்டுக்கிளி ஒன்றுக்குத் தனிப் பேரினமே வகுத்து, 'வலாலில்லம்' என்றனர். 'வலாலா' என்றால் அந்நாட்டு மொழியில் வெட்டுக்கிளி. அது அழியும் ஆபத்தில் உள்ளது என்றும் எச்சரித்தனர்.

பெயரில் என்ன இருக்கிறது?

ரேஷன் கார்டில் ஒரே ஆளை இரண்டு முறை எழுதினால் கணக்கு தப்பும். இரண்டு குடும்பத்தை ஒரே கார்டில் எழுதினால் ஒரு குடும்பம் பட்டினி. பூச்சிப் பதிவேட்டிலும் இதே கதைதான். பறக்க முடியாத இனம், ஒரே தீவின் ஒரே காட்டில் இருக்கும். காட்டை வெட்டினால் அதற்குப் போக்கிடம் இல்லை. வேறொரு இனத்தின் பெயரில் அது பதிவாகியிருந்தால், அழிந்த பிறகும் ஏட்டில் உயிரோடுதான் இருக்கும்.