காயம் ஆறும் நாட்களில் கவனிக்க வேண்டியவை

வெட்டுக்காயத்துடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்படும் இளைஞனைப் பற்றி, “வண்டியிலிருந்து விழுந்துவிட்டான்” என்று உடன்வந்தோர் கூறுவதுண்டு. காயத்தின் விளிம்பைக் கண்டதுமே மருத்துவருக்குப் பெரும்பாலும் உண்மை விளங்கிவிடும். வழக்கு வந்துவிடுமோ என்ற பெற்றோரின் அச்சத்தை நாங்கள் அறிவோம். காவல்துறைக்குத் தகவல் தருவது எங்கள் கடமை. ஆயினும் சிகிச்சை அதற்காகக் காத்திராது. முதலில் உயிரைக் காக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. காயம் கத்தியால் ஏற்பட்டதா, உடைந்த பாட்டிலாலா, நாட்டு வெடிகுண்டாலா என்பதைப் பொறுத்துச் சிகிச்சையும் மாறும். ஆகவே மறைக்காமல் கூறுங்கள்.

வானூர் வட்டம் புதுச்சேரியை ஒட்டி அமைந்தது. சில இடங்களில் சாலையைக் கடந்தாலே மாநிலம் மாறிவிடும். அங்கே மதுவின் விலை குறைவு என்பதால், அதைக் கடத்துவோருக்கு இருசக்கர வாகனம் ஓட்டத் தெரிந்த சிறுவன் தேவைப்படுகிறான். முதலில் ஒரு பொட்டலத்தைக் கொண்டுசேர்க்கும் வேலை. பிறகு ஒருவரின் நடமாட்டத்தை நோட்டமிடுவது. அதன்பின் ஒரு கத்தியைச் சில நாட்கள் வீட்டில் வைத்திருப்பது. இவ்வாறே ஒருவன் கும்பலுக்குள் இழுக்கப்படுகிறான். வறுமை மட்டுமே இதற்குக் காரணம் என்று நாங்கள் கருதவில்லை. தனக்காகக் கேட்க ஆள் இருக்கிறது என்ற எண்ணமும், இளைஞர்கள் ‘கெத்து’ என்று சொல்லும் பெருமிதமும் பணத்தைவிட வலிமையாக ஈர்க்கின்றன. 2018 பிப்ரவரியில் சென்னையை அடுத்த மலையம்பாக்கத்தில், ரவுடி ஒருவர் பட்டாக்கத்தியால் கேக் வெட்டிய பிறந்தநாள் விழாவைக் காவல்துறை சுற்றிவளைத்தபோது எழுபதுக்கும் மேற்பட்டோர் பிடிபட்டனர். அத்தகைய படங்கள் மகனின் கைப்பேசியில் இருந்தால் பெற்றோர் அதை விளையாட்டாகக் கடந்துவிடலாகாது.

“சின்னப் பையன், உனக்குத் தண்டனை இல்லை” என்பது கும்பலில் மூத்தோர் கூறும் ஆசைவார்த்தை. சிறார் நீதிச் சட்டம், 2015 இதற்கு நேர்மாறாக அம்மூத்தோரையே குறிவைக்கிறது. சட்டவிரோதச் செயல்களுக்குச் சிறாரைப் பயன்படுத்தும் பெரியவருக்கு ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. வழக்கில் சிக்கிய சிறாரின் பெயரையோ படத்தையோ வெளியிடுவதற்கும் சட்டம் தடை விதித்துள்ளது. ஆகவே உண்மையைச் சொன்னால் மகனின் எதிர்காலம் பாழாகிவிடும் என்று பெற்றோர் அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை.

மருத்துவமனையில் படுத்திருக்கும் நாட்களில் இரண்டு எண்ணங்கள் அவனுள் போராடுகின்றன: பழிதீர்க்க வேண்டும் என்பது ஒன்று, இதோடு விட்டுவிடலாம் என்பது மற்றொன்று. அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் 1994இல் தொடங்கிய திட்டமொன்று இத்தருணத்தையே பயன்படுத்தியது. அதே வாழ்வைக் கடந்து வந்தவர்கள் படுக்கையருகே அமர்ந்து காயமுற்றோரிடம் பேசினர். வீடு திரும்பிய பின்னும் தொடர்பில் இருந்தனர். நம் குடும்பங்களில் இப்பணியை ஒரு தாய்மாமனோ, அண்ணனோ, பள்ளி ஆசிரியரோ செய்ய இயலும். அவன் மதிக்கும் ஒருவராக இருத்தல் வேண்டும். படுக்கையருகே திட்டுவதும் அழுவதும் பயன் தருவதில்லை. கூட்டமாக வரும் ‘நண்பர்களை’ அனுமதிக்க விருப்பமில்லையெனில் செவிலியரிடம் தெரிவியுங்கள், நாங்கள் தடுக்கிறோம். உறக்கமின்மையும் சிறு ஓசைக்கே திடுக்கிடுவதும் நீடித்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். பதினெட்டு வயது நிறையாதவர் மிரட்டப்பட்டால் 1098 உள்ளது.

படிப்பை விட்டவனை மீண்டும் சேர்ப்பதே அடுத்த பணி. அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்று, கல்லூரியிலோ ஐ.டி.ஐ.யிலோ சேரும் மாணவருக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும். சிறிய தொகைதான், ஆனால் அது அவனுடைய கணக்கிலேயே வரும்.

அதே தெருவுக்குத் திரும்புவது ஆபத்து எனில் சில வாரங்கள் வெளியூர் உறவினர் வீட்டில் தங்கவைக்கலாம். தையல் பிரிப்பதற்காக இங்கு வரவேண்டியதில்லை. வெளியேறும்போது தரப்படும் சிகிச்சைச் சுருக்கத்தைக் காட்டினால் அவ்வூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பிரித்துவிடுவார்கள்.