ஒரு பெருந்திரையா, இரு சிறு திரைகளா?



மட்டாஞ்சேரி யூதர் தெருவின் கோடியில் நிற்கும் பரதேசி யூத ஆலயத்தைக் கண்டவர்கள் அதன் தரையை மறந்திருக்கமாட்டார்கள். 1568ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற அவ்வாலயத்தின் தரையில், பதினெட்டாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து கப்பலேறி வந்த பீங்கான் ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. வெண்மையின்மேல் நீலத்தால் கைகொண்டு தீட்டிய சிறு சிறு சித்திரங்கள் அவை. அவ்வாலயத்திற்கு அண்டையிலேயே இருக்கிறது மட்டாஞ்சேரி அரண்மனை. ஏறத்தாழ 1555இல் போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்து, 1663இல் டச்சுக்காரர் செப்பனிட்டதனால் ‘டச்சு அரண்மனை’ என்றே பெயர் பெற்றுவிட்டது. அதன் பள்ளியறைச் சுவர்களில் இராமகாதை தீட்டப்பட்டிருக்கிறது. ஓட்டுத் தரையில் நம் கண் ஒவ்வொரு சதுரத்திலும் நின்று, கோட்டைத் தாண்டி, அடுத்த சதுரத்திற்குச் செல்கிறது. சுவரிலோ ஒரு நிகழ்ச்சியினின்று மற்றொன்றிற்குத் தடையின்றி வழுக்கிச் செல்கிறது.

இவ்விரண்டையும் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறியுள்ள நம்மவர்களுள் எத்துணையோ பேர் இன்று கணிப்பொறியின் முன் அமர்ந்தே நாளைக் கழிக்கின்றனர். கணக்கெழுதுவோர், அச்சுக்கோப்போர், வீட்டிலிருந்தே அலுவல் பார்ப்போர், எம்மைப்போல் மொழிபெயர்ப்போர் எனப் பலதிறத்தார். மடிக்கணினியின் சிறு திரை போதவில்லை என்று தோன்றும் நாளில் அவர்கள் முன் ஒரு கேள்வி எழும். சாதாரணமான மானிட்டர்கள் இரண்டை அருகருகே வைப்பதா? அன்றி, நுண்ணிய புள்ளிகள் நிறைந்த பெரிய மானிட்டர் ஒன்றை வாங்குவதா? அண்மையில் இக்கேள்வியை யாமே எதிர்கொள்ள நேர்ந்தமையால், அறிந்தவற்றை நேயர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் எம் பணியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தின் 3(3) பிரிவு, பொது ஆணைகள், விதிகள், அறிவிக்கைகள், ஒப்பந்தங்கள், ஒப்பந்தப்புள்ளிப் படிவங்கள் முதலியன ஆங்கிலம், இந்தி ஆகிய இரு மொழிகளிலும் வெளியிடப்படவேண்டும் என்கிறது. ஆதலின் எந்நேரமும் எம் கண்முன் மூன்று தாள்கள் விரிந்திருக்க வேண்டும். ஒன்று மூலம், ஒன்று பெயர்ப்பு, மூன்றாவது, 1961இல் நிறுவப்பெற்ற அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தின் சொற்கோவை. இம்மூன்றையும் பதினைந்தரை அங்குல மடிக்கணினி ஒன்றில் மாற்றி மாற்றித் திறந்து யாம் பல ஆண்டுகள் காலந்தள்ளினோம்.

அதன் விளைவு ஒருநாள் வெளிப்பட்டது. ஆட்சேபணைகளை 30 நாட்களுக்குள் அனுப்புக என்னும் அறிவிக்கை ஒன்று. பழைய அறிவிக்கையை அச்சாகக் கொண்டு புதியதை எழுதிவந்த யாம், மூலத்தை மூடிப் பெயர்ப்பைத் திறக்கும் அந்த ஒரு நொடியில் எண்ணை மறந்தோம். பழைய 60 அப்படியே நின்றுவிட்டது. அச்சுக்குப் போகுமுன் மெய்ப்புத் திருத்துவோர் கண்ணில் அது பட்டது. படாதிருந்தால், இந்தி வடிவத்தை மட்டும் படித்த ஒருவர் நாற்பதாம் நாள் தம் மனுவை எடுத்துக்கொண்டு வந்திருப்பார். காலங்கடந்தது என்று திருப்பி அனுப்பப்பட்டிருப்பார். பிழை எம்முடையதுதான். எனினும், மூலமும் பெயர்ப்பும் ஒருசேரக் கண்முன் நின்றிருப்பின் அது நேர்ந்திராது என்றே இன்றும் எண்ணுகிறோம். திரை வாங்கும் எண்ணம் அன்று தோன்றியதே.

கடைக்காரர்கள் அங்குலக் கணக்கைச் சொல்வார்கள். அங்குலம் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு, அது போதாது. ஒளிப்புள்ளிகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். ‘ஃபுல் எச்.டி.’ எனப்படும் சாதாரணத் திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 ஆக 20,73,600 புள்ளிகள் உள. ‘4கே’ எனப்படும் திரையில் 3840, 2160 ஆக 82,94,400 புள்ளிகள். அதாவது சரியாக நான்கு மடங்கு. ஆகவே ஒரு 4கே திரை, இரண்டு சாதாரணத் திரைகளைப் போல் இருமடங்கு இடம் தரும் என்று ஒருவர் கணக்கிடுவது இயல்பு. யாமும் அவ்வாறே கணக்கிட்டு ஏமாந்தோம். அக்கணக்கு பிழைபடுவது எங்ஙனம் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

24 அங்குலச் சாதாரணத் திரையில் ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ 0.28 மில்லிமீட்டர். 32 அங்குல 4கே திரையில் அது 0.18 மில்லிமீட்டர். புள்ளி சிறுத்தால் எழுத்தும் சிறுக்கும். முன்பு படித்த அதே எழுத்து மூன்றில் இரண்டு பங்காகக் குறுகி நிற்கும். நாற்பதைக் கடந்து வெள்ளெழுத்துக் கண்டவர்களுக்கு அதைப் படிப்பது தண்டனையாகும். ஆகவே கணிப்பொறியின் அமைப்பில் எழுத்தை நூற்றுக்கு நூற்றைம்பதாகப் பெருக்கச் சொல்கிறோம். எழுத்து பழைய அளவிற்கு வந்துவிடும். ஆனால் அப்போது நாம் பெறும் இடம் 2560க்கு 1440 என்ற அளவினதே. பெருக்கிப் பாருங்கள்: 36,86,400. இரண்டு சாதாரணத் திரைகளின் இடமோ 41,47,200. அஃதாவது பெருந்திரை, இரு சிறு திரைகளைவிட ஒன்பதில் ஒரு பங்கு குறைந்த இடத்தையே தருகிறது! விளம்பரத்தில் இதனை எவரும் எழுதுவதில்லை.

அங்ஙனமாயின் கூடுதல் புள்ளிகள் எங்கே போயின? அவை எழுத்தின் வடிவத்திற்குள் சென்றுவிட்டன. முன்னர் ஒரு புள்ளி நின்ற இடத்தில் இப்பொழுது இரண்டுக்கு மேற்பட்ட புள்ளிகள் நின்று எழுத்தின் வளைவை வரைகின்றன. இயல்பான பார்வையுடைய கண், 60 சென்டிமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 0.17 மில்லிமீட்டர் அளவிலான நுணுக்கத்தைப் பிரித்தறியும். 0.28 மில்லிமீட்டர்ப் புள்ளிகள் அதன் பிடியில் அகப்பட்டு, எழுத்தின் விளிம்பு படிக்கட்டுபோல் தெரிகிறது. 0.18 மில்லிமீட்டரில் அப்படிக்கட்டு மறையத் தொடங்குகிறது. எழுத்து அச்சிட்ட தாளை ஒத்துவிடுகிறது.

ஆங்கில எழுத்தை மட்டும் படிப்போர்க்கு இஃது ஓர் அழகுப் பொருளாகத் தோன்றலாம். நம் எழுத்துக்களுக்கோ இது பொருள் வேறுபாட்டையே தீர்மானிப்பது. ‘கி’யின் கொக்கிக்கும் ‘கீ’யின் சுழிக்கும் இடையே உள்ள வேற்றுமை எத்துணைச் சிறிது! ரகரத்திற்கும் காலுக்கும், மெய்யின் தலைமேல் நிற்கும் புள்ளிக்கும், றன்னகரச் சுழிக்கும் டண்ணகரச் சுழிக்கும் உள்ள வேறுபாடுகள் அத்தகையனவே. தேவநாகரியிலும் எழுத்தின் அடியிலுள்ள ஒற்றைப் புள்ளி ஒலியை மாற்றிவிடும். மலையாளத்தின் கூட்டெழுத்துக்களைச் சொல்லவேண்டுவதில்லை. சாதாரணத் திரையில் மாலை நான்கு மணிக்குமேல் யாம் இவற்றை ஊகித்தே படித்துவந்தோம் என்பது, கூரிய திரையைக் கண்ட பின்னரே எமக்கு விளங்கியது.

பெருந்திரைக்கு மற்றொரு தகுதியும் உண்டு, அஃது உயரம். அலுவலகத் தாள் என நாம் வழங்கும் ஏ4 தாள் 21 சென்டிமீட்டர் அகலமும் 29.7 சென்டிமீட்டர் உயரமும் உடையது. 24 அங்குலத் திரையின் உயரம் 30 சென்டிமீட்டருக்கு மயிரிழை குறைவு. மேலே கருவிப்பட்டையும் கீழே பணிப்பட்டையும் போக, ஒரு தாள் முழு அளவில் அடங்காது. 32 அங்குலத் திரையோ ஏறத்தாழ 71க்கு 40. அதில் மூன்று தாள்களை முழு அளவில் வரிசையாக விரிக்கலாம். மூலம், பெயர்ப்பு, சொற்கோவை! எமக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் அமைந்துவிட்டது. திரையை மூன்றாகப் பகுக்கும் வசதி 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11இல் உடன்வருகிறது.

இதனால் இரு திரைகளை இகழ்ந்தோம் எனக் கொள்ளவேண்டா. ஒரு கணிப்பொறியில் பல திரைகளைப் பூட்டும் வழக்கம் பழையது. 1987இல் வந்த மேக்கின்டாஷ் 2 அதற்கு இடங்கொடுத்தது. விண்டோஸில் 1998இல் அவ்வசதி வந்தது. எம் தெருவில் மிளகு ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதும் நண்பர் ஒருவர் இரு திரைகளையே வைத்திருக்கிறார். ஒருகாலத்தில் மிளகின் விலையை வணிகர்கள் கூடிக் கூவிப் பேசிய மட்டாஞ்சேரி இது. இன்று விலை திரையில் வந்து நிற்கிறது. அவர் நேர்முன் உள்ள திரையில் பேரேடு. பக்கவாட்டுத் திரையில் விலையும் கடிதங்களும். இரண்டாவதை அவர் படிப்பதில்லை, எட்டிப் பார்க்கிறார்; அவ்வளவே. அத்தகையோர்க்கு எழுத்தின் கூர்மை பெரிதன்று, பிரிவினைதான் பெரிது. இணையவழிக் கூட்டங்களில் தம் திரையைப் பிறர்க்குக் காட்டவேண்டியவர்களுக்கும் இரு திரைகளே வசதி. ஒன்றை முழுதாகக் காட்டிவிட்டு மற்றதில் குறிப்பு வைத்துக்கொள்ளலாம். பெருந்திரை முழுவதையும் காட்டினால், எதிர்ப்புறம் மடிக்கணினியில் பார்ப்பவர் கண்ணுக்கு எறும்பூர்ந்த தடமே தெரியும். இரண்டில் ஒன்று பழுதுபட்டால் மற்றது கைகொடுக்கும் என்பதும் சிறிய நன்மையன்று. விலையும் பொதுவாகக் குறைவு.

ஆனால் கழுத்தைக் கவனிக்க வேண்டும். இரு திரைகளையும் சமமாக வைத்தால், இடையிலுள்ள விளிம்புக் கோடு நம் மூக்கிற்கு நேரே வந்து நிற்கும். நாள் முழுதும் கழுத்து இடமும் வலமுமாகத் திரும்பும். முதன்மைத் திரையை நேர்முன் நிறுத்தி மற்றதைச் சாய்த்து வைத்தலே முறை. பெருந்திரையிலும் வேறொரு தொல்லை உண்டு. இரட்டைக் கண்ணாடி அணிவோர், உயர்ந்த திரையின் மேல் வரியைக் கண்ணாடியின் கீழ்ப்பாதியால் படிக்க முயன்று முகத்தை அண்ணாந்துகொண்டே இருப்பர். முதல் இரண்டு வாரம் எமக்குப் பிடரி வலித்ததன் காரணம் இதுவே. திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்திற்குக் கீழே இறக்கினோம்; 60 சென்டிமீட்டர் தொலைவிற்கென்று தனிக் கண்ணாடியும் கண் மருத்துவர் எழுதித் தந்தார். திரைக்குச் செலவிட எண்ணுவோர் கண்ணாடிச் செலவையும் உடன் எண்ணிக்கொள்க.

43 அங்குல 4கே திரையை வாங்கினால் எழுத்தைப் பெருக்காமலே முழு இடமும் கிட்டுமே என்பர் சிலர். கிட்டும். ஆனால் அதன் அகலம் 95 சென்டிமீட்டர். புள்ளி கால் மில்லிமீட்டர். இரு திரைகளின் கழுத்துத் திருப்பலும், சாதாரணத் திரையின் மழுங்கிய எழுத்தும் ஒருங்கே வந்து சேரும். 32 அங்குலத்திற்கு மேற்பட்ட திரைகளுக்கு 28 விழுக்காடாக இருந்த சரக்கு சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைந்தது மெய்யே. எனினும், மேசையில் வைத்துப் படிப்பதற்கு அது தொலைக்காட்சிப் பெட்டியேயன்றி வேறன்று என்பது எம் கருத்து.

வாங்குமுன் கணிப்பொறியின் பின்புறத்தைப் பார்த்துவிடுங்கள். பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 துளையுடைய கணிப்பொறி 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்பும்; சுட்டியை நகர்த்தினால் அது பின்தங்கித் தள்ளாடும். எச்.டி.எம்.ஐ. 2.0 அல்லது டிஸ்பிளே போர்ட் 1.2 இருந்தால் 60 முறை வரும். இல்லையேல் இரு சாதாரணத் திரைகளோடு மனநிறைவு கொள்வதே அறிவுடைமை.

இவ்வளவு ஆராய்ந்தும், இறுதியில் வழக்கைத் தீர்த்தது எங்கள் வாடகை வீட்டின் மேசைதான். சன்னலுக்கும் பீரோவுக்கும் இடையே 90 சென்டிமீட்டர் இடம். செய்தித்தாளை வெட்டி, 53க்கு 30 அளவில் இரண்டும், 71க்கு 40 அளவில் ஒன்றும் செய்து சுவரில் ஒட்டிப் பார்த்தோம். காசு செலவில்லாத இச்சோதனையை ஒவ்வொருவரும் செய்து பார்க்கலாம். இரண்டு தாள்களையும் சேர்த்து 106 சென்டிமீட்டர், பீரோவின்மேல் ஏறிக்கொண்டது. ஒற்றைத் தாள் அடங்கியது. மேற்கு வெயில் திரையில் நேரே விழாதவாறு மேசையைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பிப்போட்டு, 32 அங்குலத் திரையை வாங்கி வைத்தோம்.

அது வந்த அட்டைப்பெட்டியையும், உள்ளிருந்த நுரைக்கட்டைகளையும் எறியாமல் பரண்மேல் ஏற்றி வைத்திருக்கிறோம். மைய அரசு ஊழியருக்கு மாற்றல் ஆணை எப்பொழுது வரும் என்று சொல்ல இயலாது. இரு சிறு திரைகளைப் போர்வையில் சுற்றி லாரியில் ஏற்றலாம், இதனை ஏற்ற இயலாது. கடற்காற்றின் ஈரம் அட்டையைப் பதம் பார்க்கும் என்று இல்லத்தரசி அதனைப் பிளாஸ்டிக் தாளால் போர்த்தியிருக்கிறார்.