டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப்பை வீட்டிலேயே மாற்றலாமா? வேலூர், ஆம்பூர் கார் ஓனர்கள் கூடுதலா கவனிக்க வேண்டியது என்ன?

ஆம்பூரில் பெல்ட் என்றாலே இடுப்பில் கட்டுவதுதான் நினைவுக்கு வரும். இது வேற பெல்ட். கார் இன்ஜினின் ஓரத்தில், ஒரு மூடிக்குள், கண்ணில் படாமல் ஓடிக்கொண்டிருக்கும் பல் வைத்த ரப்பர் பெல்ட். பெயர் டைமிங் பெல்ட். நல்லா ஓடிட்டிருந்த கார் நெடுஞ்சாலையில் திடீரென நின்று, மறுபடி ஸ்டார்ட்டே ஆகாமல், மெக்கானிக் "ஹெட்டை கழட்டிப் பார்க்கணும்" என்று சொன்னால், இந்த பெல்ட் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அறுந்தால் அவ்ளோ பெரிய பிரச்னையா?

ஆமாம். இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வர, வால்வுகள் திறந்து மூட வேண்டும். கீழே உள்ள கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால், மேலே உள்ள கேம் ஷாஃப்ட் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கைத் தவறாமல் காப்பதுதான் டைமிங் பெல்ட்டின் வேலை. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது, ஒவ்வொரு வால்வும் ஒரு நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. அந்த நேரத்தில் பெல்ட் அறுந்தால் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. டீசல் இன்ஜின்களிலும் பல பெட்ரோல் இன்ஜின்களிலும் பிஸ்டன் நேராக வால்வில் போய் இடிக்கும். வால்வு வளையும், சில நேரம் பிஸ்டனும் உடையும். பெல்ட் மாற்றும் செலவு எங்கே, இந்தச் செலவு எங்கே!

எல்லா காரிலும் இது இருக்கா?

இல்லை. மாருதி ஸ்விஃப்ட் டீசலில் வந்த 1.3 லிட்டர் இன்ஜினில் இருப்பது செயின். இன்னோவா கிரிஸ்டா 2.4 டீசலிலும் செயின்தான். ஆனா பழைய இன்னோவா 2.5 டீசல், சான்ட்ரோ ஜிங், டாடா இண்டிகா, 1.5 டீசல் டஸ்டர், அதே இன்ஜினுடன் வந்த நிசான் டெரானோ எல்லாம் பெல்ட் வண்டிகள். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் முதலில் இதைத்தான் விசாரிக்கணும்.

பழைய இன்னோவாவில் டேஷ்போர்டில் 'டி-பெல்ட்' என்று ஒரு விளக்கு எரியும். அது பெல்ட்டின் நிலைமையைப் பார்த்து எரிவதில்லை. ஓடிய கிலோமீட்டரை எண்ணி எரிவது. விளக்கை மட்டும் ரீசெட் செய்துவிட்டு பெல்ட்டை மாற்றாமல் விற்ற வண்டி என்றால், புது ஓனருக்குத் தெரியவே தெரியாது. பல கார்களுக்கு 60,000 முதல் 1,00,000 கி.மீ. வரை கெடு இருக்கும். கூடவே வருடக் கணக்கும் உண்டு. உங்கள் வண்டிக்கான கணக்கு ஓனர் மேனுவலில் இருக்கும். கார் ஓடாமல் ஷெட்டில் நின்றாலும் ரப்பருக்கு வயசாகும்.

வாட்டர் பம்ப்பை ஏன் சேர்த்து மாற்றணும்?

டஸ்டர் டீசல் போன்ற கார்களில் வாட்டர் பம்ப்பைச் சுழற்றுவதே டைமிங் பெல்ட்தான். பம்ப்பின் பேரிங் இறுகினால் பெல்ட் அறுபடும். சீல் கசிந்தால் கூலன்ட் பெல்ட்டில் படும். பம்ப்பைத் தொடவே பெல்ட்டைக் கழட்ட வேண்டும் என்பதால், கூலி இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பழைய இன்னோவாவில் கதை வேறு. அங்கே பம்ப் வெளியே ஃபேன் பெல்ட்டில் ஓடுகிறது, தனியாகவே மாற்றலாம்.

போர் தண்ணியை ஊத்தாதீங்க

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இது முக்கியமான விஷயம். தோல் ஷாப்புக்கு வரும் பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பு போட்டு வரும். அதைக் கழுவிய தண்ணீரும், பதனிட்ட கழிவும் பல வருடங்களாக பாலாற்றுப் படுகையில் இறங்கின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 2025 ஜனவரியிலும் இதே பாதிப்புக்கு இழப்பீடு வழங்கச் சொல்லி மறுபடி உத்தரவிட்டது. குடிக்க முடியாத அந்த உப்புத் தண்ணி ரேடியேட்டருக்கு மட்டும் ஆகுமா?

ஆகாது. தண்ணீரில் உள்ள குளோரைடு உப்பு அலுமினிய பாகங்களை அரிக்கும். கால்சியம் சூட்டில் படிந்து காறை கட்டும். அந்தத் துகள்கள் பம்ப் சீலைத் தேய்க்கும். கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றினாலும் உப்பு போகாது. எல்லா கிணறும் ஒரே மாதிரி இல்லைதான், ஆனா சோதித்துப் பார்க்க இன்ஜின் சரியான இடம் இல்லை. வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் கூலிங் சிஸ்டத்துக்கு ஏற்கெனவே வேலை ஜாஸ்தி. கலந்தே வரும் ரெடிமேட் கூலன்ட் வாங்குங்கள். இல்லையென்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். வழியில் அவசரத்துக்கு வேறு தண்ணி ஊற்றியிருந்தால், ஊர் வந்ததும் முழுசாக வடித்துவிட்டு மாற்றுவது நல்லது.

வீட்டில் செய்யலாமா?

ஸ்பானர் பிடித்துப் பழகியவர், கூட ஒரு ஆள், ஒரு முழு நாள், டார்க் ரெஞ்ச், அந்த இன்ஜினுக்கான வேலை மேனுவல் எல்லாம் இருந்தால் முடியும். ஆயில் மட்டும் மாற்றிப் பழகியவர்களுக்கு இது அடுத்த படி அல்ல, நாலு படி தள்ளி. அப்படிப்பட்டவர்கள் தரமான பெல்ட், டென்ஷனர், ஐட்லர், பம்ப் அடங்கிய கிட்டை வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் நின்று மெக்கானிக்கிடம் செய்து வாங்குவதே நல்லது.

செய்பவர்களுக்கு: இன்ஜின் முழுசாக ஆறிய பிறகே தொடங்குங்கள், சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். பேட்டரி வயரைக் கழட்டுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். பல கார்களில் வலது முன் சக்கரத்தை எடுத்து, இன்ஜினுக்கு அடியில் பலகை வைத்துத் தாங்கு கொடுத்து, மவுன்ட்டையும் கழட்ட வேண்டும். அடுத்து டைமிங் குறிகளை நேராகக் கொண்டுவர வேண்டும். டஸ்டர் டீசலில் கிராங்க், கேம் இரண்டையும் பின் போட்டுப் பூட்டித்தான் பெல்ட்டை எடுக்கணும். பெல்ட் இல்லாத நேரத்தில் இரண்டில் எதையும் திருப்பக் கூடாது.

புது பம்ப் உட்காரும் இடத்தைச் சுரண்டாமல் சுத்தம் செய்யுங்கள். பெல்ட் போட்டு டென்ஷன் வைத்தபின், பூட்டிய பின்களை எடுத்துவிட்டு, இன்ஜினை ஸ்பானரால் கையாலேயே இரண்டு முழு சுற்று சுற்றிப் பாருங்கள். குறிகள் திரும்ப நேராக வரணும். எங்காவது இடித்து நின்றால் பலம் கொடுக்காதீர்கள், ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கலாம். குறி சரியாக வரும்வரை சாவியைத் தொடவே வேண்டாம்.

கூலன்ட் ஊற்றி, உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்றிய பிறகே வண்டியை ஓட விடுங்கள். வடித்த பழைய கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனா விஷம். நாய், குழந்தைகள் பக்கம் வைக்காமல், சாக்கடையிலும் ஊற்றாமல், கேனில் மூடி ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானெட்டுக்குள் ஒட்டுங்கள். முதல் சில நாள் காலையில், இன்ஜின் ஆறி இருக்கும்போது, கூலன்ட் அளவு குறைகிறதா என்று பாருங்கள்.