உலர்ந்த மசகும் விரியாத குடையும்

யந்திரங்களின் வேகத்தையும் பலத்தையும் புகழ்வோர் அநேகர். அவற்றின் மூட்டுகளில் இடப்படும் மசகைப் பற்றிச் சிந்திப்போர் மிகச் சிலர். அது வெறும் கையாட்களின் காரியம் என்று ஒதுக்கிவிடுவதே வழக்கமாயிருக்கிறது. இந்த அசட்டையின் விலை இன்னதென்பதை அமெரிக்கா தேசத்தார் 1991-ம் வருஷத்தில் அறிந்துகொண்டார்கள். அவ்வரலாற்றை நம் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

சாதாரண எண்ணெயும் கிரீஸும் பூமியில் செய்யும் வேலையை விண்வெளியில் செய்ய இயலா. காற்றற்ற வெளியில் அவை மெல்ல மெல்ல ஆவியாய்ப் போகும், கடுங்குளிரில் இறுகிவிடும். ஆகையால் அங்கே பல மூட்டுகளுக்கு உலர்ந்த மசகையே பூசுகிறார்கள். அத்தகைய மசகுகளில் தலையாயது மாலிப்டினம் டைசல்பைடு என்னும் கரிய பொருள். பார்வைக்குப் பென்சிலிலுள்ள கிராபைட்டைப் போலவே இருப்பதால், இரண்டும் ஒன்றென்றே ஐரோப்பியர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். இரண்டும் வெவ்வேறென்று 1778-ல் ஸ்வீடனில் ஷீலே என்னும் ரஸாயன சாஸ்திரி காட்டினார். இரண்டுமே ஏடு ஏடாக அடுக்கப்பட்டவை. ஒவ்வோர் ஏட்டுக்குள்ளும் பிணைப்பு மிக உறுதி. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையிலோ பிடிப்பு சொற்பம். எனவே உராயும்போது ஓர் ஏடு மற்றொன்றின் மேல் வழுக்கிச் செல்கிறது. உலோகம் உலோகத்தைத் தீண்டுவதில்லை. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கு கனமுள்ள பூச்சுக்கூடப் பல காரியங்களுக்குப் போதும்.

ஆனால் உருவில் ஒத்த இவ்விரண்டும் குணத்தில் நேர் விரோதமானவை. கிராபைட்டு வழுக்குவதற்குக் காற்றிலுள்ள ஈரம் வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தின்போது மிக உயரத்தில் பறந்த விமானங்களில், மின்சார யந்திரங்களின் கரித் துண்டுகள் விரைவில் பொடியாய்ப் போயின. மேலேயுள்ள வறண்ட காற்றே அதற்குக் காரணம். மாலிப்டினம் பூச்சுக்கோ ஈரமே சத்துரு. வெற்றிடத்தில் நெடுநாள் உழைக்கும் அதே பூச்சு, ஈரக்காற்றில் உராய்ந்தால் சீக்கிரம் தேய்ந்துபோகும். ஆகவே எது சிறந்த மசகு என்று பொதுப்படக் கேட்பது வீண் கேள்வி; எந்த இடத்துக்கு என்று சொன்னாலன்றி விடை கிடையாது.

இனி அமெரிக்கரின் கதைக்கு வருவோம். வியாழ கிரகத்தை ஆராய அவர்கள் கலிலியோ என்னும் கலத்தைச் சமைத்தார்கள். அது கண்டதைப் பூமிக்கு அறிவிக்க, 16 அடி அகலமுள்ள ஆன்டெனா ஒன்று, 18 கம்பிகளுடன், குடையைப் போல் மடக்கி வைக்கப்பட்டிருந்தது. மடங்கிய கம்பிகளின் முளைகள் நடுத்தண்டிலுள்ள குழிகளில் பொருந்தியிருந்தன. முளைகளுக்கு மேற்படி உலர்ந்த மசகு பூசப்பட்டிருந்தது. 1986 மே மாதம் புறப்பட வேண்டிய கலம், அவ்வருஷம் ஜனவரி 28-ல் நேர்ந்த சாலஞ்சர் விபத்தினால் தாமதப்பட்டு, 1989 அக்டோபர் 18-ல்தான் புறப்பட்டது. இடையில் அதனைக் கலிபோர்னியாவுக்கும் புளோரிடாவுக்குமாக, ஒவ்வொரு தடவையும் இரண்டாயிரம் மைலுக்கு மேல், லாரியில் கொண்டுசென்று மீட்டார்கள். வழி நெடுகிலும் முளைகள் குழிகளுக்குள் குலுங்கி உராய்ந்தன. அதுவும் பூமியின் காற்றில்! பழுதடைந்த பூச்சைப் பரிசோதிப்பாரில்லை, மறுபடி பூசுவாருமில்லை.

வழியில் சூரியனுடைய வெப்பத்துக்கு அஞ்சி ஆன்டெனாவை மடக்கியே வைத்திருந்தனர். 1991 ஏப்ரல் 11-ல் அதை விரிக்கக் கட்டளை சென்றது. மோட்டார்கள் திணறி நின்றன. சில கம்பிகள் நடுத்தண்டை விட்டு வர மறுத்தன. மசகு தேய்ந்துபோக, வெற்றிடத்தில் உலோகத்தோடு உலோகம் பற்றிக்கொண்டது என்பதே விசாரித்தவர்கள் கண்ட முடிவு. சூரியனை நோக்கித் திருப்பிச் சூடாக்கிப் பார்த்தார்கள். அப்பால் திருப்பிக் குளிரச் செய்தார்கள். மோட்டார்களை 13,000 முறைக்கு மேல் துடிக்கவிட்டுத் தட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை.

இதற்காக மசகைக் குறை கூறுவோருண்டு. நாம் அதை ஒப்புக்கொள்ள மாட்டோம். வெற்றிடத்துக்கென்று பூசியதை நெடுஞ்சாலையில் தேய்த்துவிட்டுப் பூச்சின்மீது பழி போடுவது நியாயமாகுமா? கோடிக்கணக்கான டாலர் செலவிட்டவர்கள், சில முளைகளைப் புறப்படுமுன் ஒருதரம் பார்த்திருக்கலாம்.

எனினும் அவர்களுடைய விடாமுயற்சியைப் பாராட்டாதிருக்க முடியாது. வினாடிக்கு 1,34,000 பிட் வீதம் வரவேண்டிய செய்தி, சிறிய ஆன்டெனாவின் வழியே அதிகபட்சம் 160 வீதமே வந்தது. செய்தியைச் சுருக்கி அனுப்பும் முறைகளைப் பூமியிலிருந்தே கலத்துக்குக் கற்பித்தார்கள். பூமியிலுள்ள ஆன்டெனாக்களையும் செம்மைப்படுத்தினார்கள். 1995 டிசம்பர் 7-ல் வியாழனை அடைந்த கலம், உத்தேசித்த ஆராய்ச்சியில் பெரும்பகுதியை நிறைவேற்றியது. யூரோப்பா என்னும் சந்திரனின் பனி ஓட்டுக்கடியில் உப்புக்கடல் இருப்பதற்கு வலுவான அத்தாட்சியும் அதனாலேயே கிடைத்தது. அனுப்பியிருக்கக்கூடிய ஆயிரமாயிரம் படங்கள் மட்டும் வராமலே போயின. 2003 செப்டம்பர் 21-ல் கலம் வியாழனுக்குள் வீழ்ந்து அழிந்தது. அன்றும் அந்தக் குடை பாதி விரிந்தபடியே இருந்தது.