மானும் ராட்டினமும்

ஊருக்கு வெளியே தோப்பு பிடித்து, ராட்டினம், குழந்தை ரயில், மான், மயில் எல்லாம் வைத்துக் குடும்பப் பூங்கா நடத்தலாம், பங்கு சேருங்கள் என்று நமது பள்ளிப்பட்டு அங்கத்தினர் சிலரிடம் கேட்டு வருகிறார்கள். பணம் போடுமுன் சில விவரங்களைக் கவனிக்கவும்.

நகரி, புத்தூர் வழியாகப் போனால் திருப்பதியில் 1987-ல் தொடங்கிய மிருகக்காட்சி சாலை இருக்கிறது. சென்னைப் பக்கம் வண்டலூர், 1985-ல் திறந்தது. பரப்பு 602 ஹெக்டேர். இரண்டும் அரசு நடத்துபவை. தனியார் தோப்பில் மான் கட்ட முடியுமா? 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, மத்திய மிருகக்காட்சி சாலை ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் முடியாது. இந்த ஆணையம் 1992-ல் அமைந்தது. மான், மயில் மட்டுமல்ல, பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதும் குற்றம். நாமே கல்லாப் பக்கத்தில் கிளி வளர்த்தவர்கள்தாம். வனத்துறை அலுவலர் ஒருவர் சரக்கு வாங்க வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது! ஆடு, குதிரையானாலும் டிக்கெட் போட்டுக் காட்டினால் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி பதிவு வேண்டும்.

வரியிலும் வேறுபாடு உண்டு. மிருகக்காட்சி சாலை நுழைவுச் சீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ராட்டினத்துக்கு உண்டு, 2017-ல் 28 சதவீதமாக இருந்தது, 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைந்தது. வரவு செலவுத் திட்டத்தில் இந்த வரியைக் காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். நம்மிடம் கொடுத்த தாளில் இல்லை.

அங்கீகாரக் கடிதத்தின் நகலைக் கேட்டோம். ராட்டினத்துக்கு மட்டுமானால் பங்கு தருகிறோம் என்றும் சொன்னோம். இதுவரை பதில் இல்லை.